தலைவர் இறங்கிட்டாரு... மிஷினைப் பார்த்தீங்களா?

எலெக்‌ஷன் வந்தா சேலம், நாமக்கல் பக்கத்து காலேஜ் கிரவுண்டுகளுக்கு ஒரு யோகம் அடிக்கும். வருஷம் பூரா ரெண்டு ஆடு மேயுற கிரவுண்டுக்கு திடீர்னு புல்டோசர் வரும். முள்ளுச் செடியெல்லாம் காலி. நடுவுல வட்டம் போட்டு, சுண்ணாம்புல பெருசா ஒரு 'ஹெச்'. தண்ணி லாரி வந்து தரையை நனைச்சுட்டுப் போகும். தீயணைப்பு வண்டி ஓரமா வந்து நிக்கும். அப்புறம் என்ன... மத்தியான கிளாஸ் கட்!

எங்க காலேஜுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. தலைவர் யாரு, என்ன பேசினாருன்னு இன்னிக்கு சத்தியமா ஞாபகம் இல்லை. ஆனா அந்த மிஷின் தலைக்கு மேல வந்து நின்ன அந்த அரை நிமிஷம் அப்படியே இருக்கு. 'தட் தட் தட்'னு நெஞ்சுக்குள்ள ஒரு அடி. நனைச்ச தரையையும் மீறி புழுதி கிளம்பி, ஃபர்ஸ்ட் இயர் பசங்க பாதி பேர் கண்ணைக் கசக்கிட்டு நின்னாங்க. தலைவர் கையைக் கூப்பிட்டு இறங்கினார். கூட்டம் அவர் பின்னாடி ஓடுச்சு. கிரவுண்டுல அந்த மிஷினும், அதைச் சுத்திச் சுத்தி வந்து குனிஞ்சு பார்த்த ஒரு மெக்கானிக்கும் மட்டும் மிச்சம்.

பாஸ், அடுத்த தடவை நீங்க தலைவர் பின்னாடி ஓடாதீங்க. மிஷின் பக்கம் நில்லுங்க. கயிறு கட்டின இடத்துக்கு வெளியே நின்னு பார்த்தாலே போதும். அறுபது, எழுபது வருஷத்துல மனுஷன் பட்ட பாடு மொத்தமும் அதோட உடம்புல எழுதியிருக்கும்.

சேலம் வெயிலும் கொல்லிமலைக் காத்தும்

முதல்ல ஒரு குட்டிக் கணக்கு. ஹெலிகாப்டர் எதைப் பிடிச்சு மேல நிக்குது? காத்தை. பிளேடு சுத்தி காத்தைக் கீழே தள்ளுது, காத்து அதை மேலே தள்ளுது. காத்து சூடானா விரியும், லேசாகும். அப்ப தள்ளுறதுக்குப் பிடிமானம் குறையும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏப்ரல் மத்தியானம் 40 டிகிரி வெயிலில் விமானிகள் போடுற கணக்கைப் போட்டா, அந்தக் காத்தோட அடர்த்தி சுமார் 1,250 மீட்டர் உயரத்துக் காத்துக்குச் சமமா வரும். அதாவது நீங்க ஓமலூர் கிரவுண்டுல நிக்கிறதா நினைச்சுட்டு இருப்பீங்க. ஹெலிகாப்டர் மட்டும், 'நான் கொல்லிமலை மேல இருக்கேனே'ன்னு நினைச்சுட்டு இருக்கும்! நம்ம ஊர்ல எலெக்‌ஷன் வர்றதும் பெரும்பாலும் அந்த வெயில் மாசத்துலதான். ஏறுற ஆளோட எடை, பெட்டியோட எடை எல்லாம் கேட்டு எழுதுறது சும்மா பந்தாவுக்கு இல்லைங்க.

இந்தச் சூடு, உயரம் ரெண்டையும் ஜெயிச்சதுதான் ஹெலிகாப்டர் கதையில முதல் பெரிய அத்தியாயம். 1946 மார்ச்ல அமெரிக்காவில் சிவில் உபயோகத்துக்குன்னு முதன்முதலா சர்டிஃபிகேட் வாங்கின ஹெலிகாப்டர் பெல்-47. மீன் தொட்டி மாதிரி உருண்டைக் கண்ணாடி, பின்னாடி எலும்புக்கூடு மாதிரி வால். பழைய இங்கிலீஷ் படங்கள்ல பார்த்திருப்பீங்க. அதுல இருந்தது பிஸ்டன் இன்ஜின், நம்ம லாரி, பைக்கோட ஒண்ணுவிட்ட அண்ணன். வெயிட்டு ஜாஸ்தி, தெம்பு கம்மி.

1955-ல பிரான்ஸில் 'அலுவெட்-2' பறந்தது. பிஸ்டனைத் தூக்கிப் போட்டுட்டு டர்பைன் இன்ஜினோட தயாரிப்புக்கு வந்த முதல் ஹெலிகாப்டர். ஒரே எடைக்கு டர்பைன் தர்ற சக்தி பிஸ்டனைவிடப் பல மடங்கு. அதோட தம்பி 'அலுவெட்-3'யைத்தான் பெங்களூர் ஹெச்.ஏ.எல். 'சேத்தக்'னு பேர் வச்சுக் கட்டியது. அங்கிருந்து ஐம்பதே வருஷம். 2005 மே 14-ம் தேதி, ஏ.எஸ்.-350 ரக ஹெலிகாப்டர் ஒண்ணு எவரெஸ்ட் உச்சியில போய் உட்கார்ந்துச்சு. 8,848 மீட்டர்! காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல பாதிகூட இல்லாத இடம். ஓட்டினவர் டிடியே டெல்சால்ங்கிற பிரெஞ்சு விமானி. மூணு நிமிஷத்துக்கு மேல அங்கேயே நின்னுட்டுத் திரும்பினார். அந்த ரகத்தோட இன்றைய பேர்தான் ஹெச்-125. கேதார்நாத் போறவங்களை ஏத்திட்டுப் போற ஹெலிகாப்டர்களிலும், நம்ம ஊர் கிரவுண்டுக்கு வர்ற வாடகை ஹெலிகாப்டர்களிலும் இந்தக் குடும்பத்தைப் பார்க்கலாம்.

டர்பைன் வந்தும் ஆரம்பத்துல விமானிக்கு ஒரு தலைவலி இருந்துச்சு. இடது கையில பிடிக்கிற கட்டையில பைக் ஆக்சிலரேட்டர் மாதிரி ஒரு கைப்பிடி. ஸ்டார்ட் பண்ணும்போது எரிபொருளை அவரே அளந்து விடணும். கொஞ்சம் கூடப் போச்சுன்னா சூடு எகிறி உள்ளே இருக்கிற டர்பைன் கருகிடும். சில செகண்ட்ல பல லட்சம் புகை! இப்ப அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்குது. 'ஃபேடெக்'ம்பாங்க. விமானி ஸ்விட்சைத் திருப்பினா போதும், எவ்வளவு எரிபொருள், எப்போங்கிறதை அது முடிவு பண்ணும். கார்புரேட்டர் பைக்லேருந்து ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குக்கு மாறின கதைதான். இங்கே கைக்குக் கிடைச்ச ஓய்வு உயிர் காக்கும். அதைக் கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

கொண்டையைப் பாருங்க

மிஷின் நின்னதும் உச்சியைப் பாருங்க. பிளேடெல்லாம் வந்து சேர்ற கொண்டை. ஹெலிகாப்டரோட மூளை காக்பிட்ல இருக்கலாம். உயிர் இங்கேதான் இருக்கு.

முன்னாடி போகும்போது ஒரு பக்க பிளேடு காத்தை எதிர்த்துப் பாயும், மறுபக்க பிளேடு காத்தோட பின்வாங்கும். ரெண்டு பக்கமும் தூக்குற சக்தி சமமா இருக்கணும்னா, ஒவ்வொரு பிளேடும் ஒவ்வொரு சுத்துக்கும் மேலும் கீழும் அசையணும், முன்னும் பின்னும் ஆடணும், திரும்பவும் வேணும். பழைய காலத்துல இதுக்கெல்லாம் கதவுக் கீல் மாதிரி இரும்புக் கீல்கள். கீலுக்கு பேரிங், பேரிங்குக்கு கிரீஸ். ஓயாத பராமரிப்பு. எதுல தேய்மானம், எதுல விரிசல்னு மெக்கானிக்குக்குத் தூக்கம் வராது.

1967-ல ஜெர்மனியில 'பி.ஓ.-105' பறந்தப்பதான் பெரிய திருப்பம். பிளேடை கண்ணாடி இழையில செஞ்சாங்க. அசைவு கீலை எடுத்துட்டு, பிளேடே வளைஞ்சு கொடுக்கட்டும்னு விட்டாங்க. மூங்கில் வளையுற மாதிரி. டைட்டானியத்துல ஒரு கொண்டை, அதுல நேராப் பொருத்தின நாலு பிளேடு. அவ்வளவுதான். அதே ஜெர்மன் கம்பெனியான எம்.பி.பி.யோட 1984-ல கைகோத்துதான் ஹெச்.ஏ.எல். நம்ம 'துருவ்' ஹெலிகாப்டரை உருவாக்க ஆரம்பிச்சது. 1992 ஆகஸ்ட்ல அது முதல்ல பறந்துச்சு. அதுலயும் கீல் இல்லாத கொண்டைதான்.

உலோக பிளேடுக்கும் இழை பிளேடுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்குறீங்களா? உலோகத்துல கண்ணுக்குத் தெரியாம ஒரு விரிசல் ஆரம்பிச்சா, சுத்தச் சுத்த ஓடிட்டே இருக்கும். அதனால 'இத்தனை மணி நேரம் பறந்தா குப்பையில போடு'ன்னு சட்டம். இழை பிளேடுல அடிபட்டா சேதம் மெதுவாப் பரவும். தட்டிப் பார்த்து, சோதிச்சுப் பார்த்துக் கண்டுபிடிக்க டைம் கிடைக்கும். மெதுவாச் சாகுற பொருள்தான் ஆகாயத்துல நல்ல பொருள்.

ஸ்க்ரூடிரைவரைக் காதுல வச்ச மெக்கானிக்

நாமக்கல் பக்கம் பழைய லாரி மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீங்க. ஸ்க்ரூடிரைவரோட முனையை கியர்பாக்ஸ்ல வச்சு, பிடியைக் காதுல வச்சு, கண்ணை மூடிக் கேப்பாங்க. "மூணாவது பேரிங் போயிடுச்சுங்க" என்பாங்க. பிரிச்சுப் பார்த்தா மூணாவது பேரிங் போயிருக்கும்! அப்புறம் வடிச்ச ஆயிலை ரெண்டு விரல்ல தேச்சுப் பார்ப்பாங்க. நறநறன்னு தட்டுப்பட்டா உள்ளே எதுவோ தின்னுதுன்னு அர்த்தம்.

இந்த ரெண்டு வித்தையையும் ஹெலிகாப்டர்காரங்க மிஷினுக்குள்ளேயே வச்சுட்டாங்க. ரெண்டாவது வித்தை ரொம்பப் பழசு. ஆயில் போற வழியில ஒரு காந்தம். இரும்புத் தூள் ஒட்டுச்சுன்னா விமானி முன்னாடி விளக்கு எரியும். முதல் வித்தைக்கு ஒரு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்துச்சு.

ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் சாதாரண விஷயம் இல்லை. உள்ளே டர்பைன் நிமிஷத்துக்கு 50 ஆயிரம் சுத்துகூடத் தொடும். மேலே பிளேடு சுத்துறது சுமார் 400. நடுவுல இருக்கிற பல்சக்கரங்கள்தான் அந்த வேகத்தைக் குறைச்சு, சக்தியைச் சேர்த்து மேல அனுப்பணும். விமானத்துல ஒரு இன்ஜின் போனா இன்னொண்ணு இருக்கு. ஹெலிகாப்டர்ல ரெண்டு இன்ஜின் இருந்தாலும் மெயின் கியர்பாக்ஸுக்கு மாற்று கிடையாது. 1986 நவம்பர் 6-ம் தேதி, வட கடல் எண்ணெய்க் கிணறுகள்லேருந்து தொழிலாளிகளை ஏத்திட்டு வந்த சினூக் ஹெலிகாப்டர், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுப் பக்கம் கடல்ல விழுந்துச்சு. 45 பேர் இறந்தாங்க. ரெண்டு பேர் மட்டும் பிழைச்சாங்க. காரணம் கியர்பாக்ஸுக்குள்ள ஒரு பல்சக்கரம்.

அதுக்கப்புறம்தான் 'ஹம்ஸ்'ங்கிற கண்காணிப்புக் கருவி 1990-கள் தொடக்கத்துல வட கடல் ஹெலிகாப்டர்களுக்கு வந்துச்சு. கியர்பாக்ஸ், தண்டு, இன்ஜின் எல்லாத்துலயும் அதிர்வை அளக்கிற சென்சார்கள். ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும், ஒவ்வொரு பேரிங்குக்கும் தனித்தனி 'குரல்' உண்டு. நேத்து இருந்த குரலும் இன்னிக்கு இருக்கிற குரலும் மாறியிருந்தா கம்ப்யூட்டர் சொல்லிடும். நம்ம மெக்கானிக் அண்ணனோட காதேதான். என்ன, ராத்திரி பகலா தூங்காத காது.

வாலும் கோழிப்பண்ணையும்

மேல பிளேடு ஒரு பக்கம் சுத்தினா உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் வால்ல குட்டி ரோட்டார். நிறைய பேர் உயிரை வாங்கினதும் அதுதான். சுத்துற வேகத்துல கண்ணுக்கே தெரியாது, தெரியாம நடந்துபோய் மாட்டுறவங்க உண்டு. அதனாலதான் ஹெலிகாப்டருக்குப் பின்பக்கமாப் போகவே கூடாதுன்னு அதட்டுறாங்க. செல்ஃபி எடுக்கப் போற மகானுபாவர்கள் கவனிக்க!

சில ஹெலிகாப்டர்ல அந்த ரோட்டார் ஒரு வளையத்துக்குள்ள, டேபிள் ஃபேன் மாதிரி இருக்கும். 'ஃபெனெஸ்ட்ரான்'னு பேர். ஆளுக்கும் பாதுகாப்பு, சத்தமும் கம்மி. அந்தக் குட்டி பிளேடுகளைச் சம இடைவெளியில வைக்காம, வேணும்னே கோணலா வச்சிருப்பாங்க. எல்லாம் ஒரே தாளத்துல அடிச்சா ஒரே சுருதியில காதைக் கிழிக்கும். தாளம் தப்பி அடிச்சா சத்தம் பல சுருதியாப் பிரிஞ்சு மங்கிடும். ஏர்பஸ்ஸோட ஹெச்-160-ல மேல் பிளேடையே பூமராங் மாதிரி வளைச்சு விட்டாங்க. அதுல மட்டும் 3 டெசிபல் குறைஞ்சதாச் சொல்றாங்க. 3 டெசிபல்னா ஒலியோட சக்தி பாதியாகுதுன்னு அர்த்தம்.

சத்தம் குறைஞ்சா யாருக்கு லாபம்னு சிரிக்காதீங்க. நாமக்கல் பக்கம் ஆயிரக்கணக்குல கோழி வச்சிருக்கிற ஒரு பண்ணைக்காரர்கிட்ட, 'உங்க ஷெட்டுக்கு மேல தினம் ஹெலிகாப்டர் போகட்டுமா'ன்னு கேட்டுப் பாருங்க. பதிலை அச்சுல போட முடியாது.

மேகம்தான் எமன்

சரி, இன்ஜின் நல்லாருக்கு, கொண்டை நல்லாருக்கு, கியர்பாக்ஸ் பேசுது. அப்புறமும் ஏன் விழுது?

2009 செப்டம்பர் 2. ஆந்திர முதல்வரா இருந்த ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி ஹைதராபாத்திலேருந்து சித்தூருக்குக் கிளம்பினார். பெல்-430, ரெண்டு இன்ஜின் ஹெலிகாப்டர். நல்லமலைக் காட்டு மேல இடிமேகத்துக்குள்ள போச்சு. அவரோட சேர்த்து அஞ்சு பேர். உடல்கள் கிடைச்சது மறுநாள்தான். ஒரு மாநிலத்து முதல்வர் எங்கே விழுந்தார்னு ராத்திரி முழுக்க தேசமே தேடுச்சு. விசாரணைக் குழு சொன்னது என்ன தெரியுமா? கியர்பாக்ஸ் ஆயில் பிரஷர் சம்பந்தமா ஒரு எச்சரிக்கை வந்திருக்கு. அதுக்கு என்ன செய்யணும்னு தேடுறதுலயே விமானிகளோட கவனம் போயிடுச்சு. அந்த நேரத்துல மோசமான வானிலை மேல கவனம் இல்லை. ஃபேடெக் பத்திப் பேசும்போது கைக்கு ஓய்வு கிடைச்சா உயிர் காக்கும்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். இடிமேகத்துக்கு முன்னாடி நிக்கிற விமானிக்குக் கூடுதலா ஒரே ஒரு வேலைகூட பாரம்தான்.

2021 டிசம்பர் 8, குன்னூர். சூலூரிலேருந்து வெலிங்டன் போன விமானப்படையோட எம்.ஐ.-17 வி5. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர். அது ராணுவ ஹெலிகாப்டர்தான். ஆனா விசாரணையில சொன்ன காரணம் எல்லா ஹெலிகாப்டருக்கும் பொது. மிஷின் கோளாறு இல்லை. திடீர்னு மாறின வானிலையில மேகத்துக்குள்ள நுழைஞ்சதும் விமானிக்குத் திசைப்புலன் குழம்பிடுச்சு.

திசைப்புலன் குழம்புறதுன்னா? கண்ணைக் கட்டிட்டு சுழல் நாற்காலியில உங்களை மெதுவா சுத்தி விட்டா, கொஞ்ச நேரத்துல சுத்துறதே தெரியாது. நிறுத்தினா எதிர்ப்பக்கம் சுத்துற மாதிரி இருக்கும். காதுக்குள்ள இருக்கிற திரவம் பண்ற வேலை. வெள்ளை மேகத்துக்குள்ள மேலே எது, கீழே எதுன்னு கண்ணுக்குத் தெரியாதப்ப காது பொய் சொல்லும். உடம்பு அதை நம்பும். 2020 ஜனவரியில கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட்டும் அவர் மகளும் உட்பட 9 பேர் இறந்த கலிஃபோர்னியா விபத்தும் இதே கதைதான். விமானி 'மேலே ஏறிட்டிருக்கேன்'னு சொன்னப்ப மிஷின் கீழே இறங்கிட்டிருந்துச்சு.

இதுக்கு வந்த மருந்து இப்ப காக்பிட்ல கண்ணாடித் திரையா இருக்கு. ஜி.பி.எஸ்.ஸோட நிலத்தின் வரைபடத்தையும் சேர்த்து, 'முன்னாடி மலை இருக்கு, ஏறு'ன்னு கத்துற கருவி. வெளியே வெள்ளையா இருந்தாலும் திரையில மலையையும் பள்ளத்தையும் வரைஞ்சு காட்டுற செயற்கைப் பார்வை. கையை விட்டாலும் மிஷினை நேரா வச்சிருக்கிற ஆட்டோபைலட். ஒரு காலத்துல பெரிய ஜெட் விமானத்துல மட்டும் இருந்த சமாச்சாரங்கள், இப்ப சின்ன ஹெலிகாப்டருக்கும் இறங்கி வந்திருக்கு.

ஆனா ஒண்ணு. 2025 ஜூன் 15-ம் தேதி கேதார்நாத் பக்கம் பக்தர்களோட பறந்த ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தாங்க. 'இப்ப கிளம்பாதே, மேகம் இருக்கு'ன்னு விமானி சொன்னா, கீழே இருக்கிறவங்க சரின்னு கேட்டுக்கிற காலம் வரணும். தலைவரோட அடுத்த மீட்டிங் லேட்டானா ஆகட்டும். அந்தக் கருவியை எந்தக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கலை.

மூக்கு மேல கத்தி

இன்னொரு எமன் நம்ம சமவெளிக்கே உரியது. கம்பி! மேட்டூரிலேருந்து கிளம்புற மின்சாரக் கம்பி நம்ம பக்கம் எத்தனை திசையில ஓடுதுன்னு பஸ்ல போகும்போது எண்ணிப் பாருங்க. கோபுரம் தெரியும். நடுவுல தொங்குற கம்பி, வெயில்ல, காட்டுப் பின்னணியில, மேலே இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. விமானிகள் கம்பியைத் தேட மாட்டாங்க, கம்பத்தைத்தான் தேடுவாங்க. அடுத்த ஹெலிகாப்டர் வந்தா அதோட நெத்தி மேலயும் தாடைக்குக் கீழயும் பாருங்க. கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா, அது கம்பி வெட்டுற கத்தி. மோதின கம்பியைக் கண்ணாடி வழியா சரியவிட்டு, கத்தி வாய்க்குள்ள இழுத்து வெட்டிடும். பேட்டரி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. வெறும் கத்தி!

அதே மாதிரி வெளியே தெரியாத இன்னொண்ணு எரிபொருள் டேங்க். விழுந்தும் உயிரோட இருந்தவங்க தீயில இறந்த கதைகள் ஏராளம். கிழியாத ரப்பர் பை டேங்க், இழுபட்டா தானா மூடிக்கிற குழாய் இணைப்பு, இதெல்லாம் 1994-லேயே அமெரிக்கச் சட்டத்துல வந்துச்சு. ஆனா அதுல ஒரு ஓட்டை. புதுசா வடிவமைக்கிற மாடலுக்குத்தான் கட்டாயம். பழைய மாடலைப் புதுசா தயாரிச்சா பழைய டேங்கே போதும்! 2015-ல கொலராடோவில் ஒரு மருத்துவ ஹெலிகாப்டர் விழுந்து எரிஞ்சு, விமானி இறந்து, அதுல இருந்தவங்க தீக்காயத்தோட போராடின பிறகுதான் 2018-ல சட்டம் திருத்தினாங்க. 2020 ஏப்ரலுக்குப் பிறகு கட்டுற எல்லா ஹெலிகாப்டருக்கும் கட்டாயம். டெக்னாலஜி ரெடியா இருந்தும் கால் நூற்றாண்டு காத்திருந்துச்சு. கோபம் வருதில்ல?

சரி, நமக்கு எப்ப வரும்?

அந்த ஹெலிகாப்டர் எங்க கிரவுண்டுல இறங்கின அதே செமஸ்டர்ல, எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் தொப்பூர் கணவாய்ல பைக்கோட லாரியில மாட்டினான். டிராஃபிக் நின்னுபோச்சு. வண்டிங்களுக்கு நடுவுல ஆம்புலன்ஸ் நுழைஞ்சு வந்து, அவனை ஏத்தி, சேலம் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பிழைச்சுட்டான். ஒரு கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில உட்கார்ந்திருந்தப்ப எங்களுக்குள்ள ஒருத்தன் கேட்டான்: "அன்னிக்கு வந்துச்சே, அந்த ஹெலிகாப்டர் இதுக்கெல்லாம் வராதாடா?" யாரும் பதில் சொல்லலை.

வரும். ஜெர்மனியில 1970 நவம்பர்லேயே மியூனிக்ல வர ஆரம்பிச்சுடுச்சு. நான் சொன்ன அதே கீல் இல்லாத கொண்டை பி.ஓ.-105-ல டாக்டரை ஏத்திட்டு ரோட்டுக்கே போய் இறங்கினாங்க. இந்தியாவில் 2024 அக்டோபர்ல ரிஷிகேஷ் எய்ம்ஸ்ல ஹெலி ஆம்புலன்ஸ் தொடங்கினாங்க. 2025 மே மாசம் கேதார்நாத்ல இறங்கும்போது அதே ஹெலிகாப்டர் வால் உடைஞ்சு விழுந்துச்சு. நல்லவேளை, உள்ளே இருந்த மூணு பேரும் தப்பிச்சாங்க. மலை சும்மா விடுறதில்லை.

நம்ம பக்கத்துக்கு வருவோம். ஜாலியா கனவு காணறதுக்கு முன்னாடி கணக்கைப் பார்த்துடுவோம். 2008-லேருந்து ஓடுற 108-ஐ அடிச்சுக்க சமவெளியில ஆள் இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். ஹைவே ஓரம் அடிபட்டு இருபது கிலோமீட்டர்ல பெரிய ஆஸ்பத்திரி இருந்தா, ஹெலிகாப்டர் ஸ்டார்ட் பண்ணி, இறங்க இடம் பார்த்து, கம்பி பார்த்து, தென்னை மரம் பார்த்து வர்றதுக்குள்ள 108 ஆளைக் கொண்டு சேர்த்திடும். வாடகை ஹெலிகாப்டர் மணிக்கு லட்ச ரூபாய்க்குக் குறையாது. அந்தக் காசுல எத்தனை ஆம்புலன்ஸ் டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கலாம்?

ஆனா கொல்லிமலை வேற கணக்கு. 70 கொண்டை ஊசி வளைவு. செம்மேட்டிலேருந்து ஒரு பிரசவ கேஸோ பாம்புக்கடியோ மலை இறங்கி, நாமக்கல்லோ சேலமோ வரணும்னா மணிக்கணக்கு. அதுக்கும் உள்ளே, ரோடு இல்லாத மலைக் கிராமங்கள்ல போர்வையில தொட்டில் கட்டித் தூக்கிட்டு வர்ற போட்டோ நம்ம பேப்பர்கள்லயே வந்திருக்கு. செம்மேட்டிலேருந்து சேலத்துக்கு ஆகாய வழி சுமார் 50 கிலோமீட்டர். மணிக்கு 240 கிலோமீட்டர் போற ஹெலிகாப்டருக்கு 12, 13 நிமிஷம். வெயில்ல, அந்த உயரத்துல, ஸ்ட்ரெச்சரோட டாக்டரையும் தூக்கிட்டு எழும்பத் தெம்பு இருக்கு. மேகம் வந்தா வழி காட்டத் திரை இருக்கு. டெக்னாலஜி ரெடி. ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல ஏர்போர்ட் இருக்கு. 2023 அக்டோபர்ல மறுபடி விமானம் வர ஆரம்பிச்ச ஏர்போர்ட். தலைவர் வர்றதுக்கு ரெண்டே நாள்ல ஹெலிபேட் போடத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, கொல்லிமலை மேல நிரந்தரமா ஒண்ணு போட எத்தனை நாள் ஆகும்?

ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பிறந்த 'இ-பிளேன்' கம்பெனி பேட்டரியில பறக்கிற ஏர் ஆம்புலன்ஸுக்கு 2025-ல ஒப்பந்தம் போட்டிருக்கு. 788 எண்ணிக்கையில! ஆனா ஒப்பந்தம் போடுறது வேற, சர்டிஃபிகேட் வாங்கிப் பறக்கிறது வேற. பேட்டரியோட எடைதான் அங்கே பெரிய வில்லன்.

கை வைக்கணும்னு ஆசையா?

கடைசியா காசு விஷயம். ஹெச்.ஏ.எல். 2023 பிப்ரவரியில துமகூருல ஹெலிகாப்டர் தொழிற்சாலை திறந்திருக்கு. டாடாவும் ஏர்பஸ்ஸும் சேர்ந்து ஹெச்-125-ஐ இந்தியாவிலேயே பூட்டப் போறதா 2024 ஜனவரியில அறிவிச்சாங்க. இடம் கோலார் மாவட்டத்து வேமகல். ரெண்டுமே சேலத்திலேருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம்கூட இல்லை. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தோட அஞ்சு மையங்கள்ல சேலமும் ஒண்ணு. லாரி பாடி கட்டத் தெரிஞ்ச, ரிக் வண்டியைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஊர்க்காரங்க நாம.

ஆனா புரோஷர்ல விமானப் படம் போட்டிருக்குன்னு கண்ணை மூடிட்டு சேராதீங்க. ஏரோநாட்டிக்கல் பி.இ. படிச்சா வடிவமைப்பு, உற்பத்திப் பக்கம் போகலாம். ஆனா ஒரு ஹெலிகாப்டரைச் சரி பார்த்து, 'இது பறக்கலாம்'னு கையெழுத்துப் போட அந்த டிகிரி மட்டும் செல்லாது. அதுக்கு டி.ஜி.சி.ஏ. தர்ற பராமரிப்பு இன்ஜினீயர் லைசென்ஸ் வேணும். டர்பைன் ஹெலிகாப்டருக்கு 'பி1.3', மின்னணு சமாச்சாரத்துக்கு 'பி2'. பிளஸ் டூ-வில இயற்பியல், வேதியியல், கணக்கு படிச்சிருக்கணும். பரீட்சையும் உண்டு, வருஷக்கணக்குல கைவேலை அனுபவமும் உண்டு. சேரப் போற இடத்துக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கா, எந்தப் பிரிவுக்கு இருக்குன்னு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க. கேட்டா முகம் சுளிச்சாங்கன்னா, வந்த பஸ்லயே திரும்பிடுங்க.

அன்னிக்கு எங்க கிரவுண்டுல, தலைவர் பேசி முடிக்கிற வரைக்கும் குனிஞ்சு நிமிர்ந்து மிஷினைப் பார்த்துட்டு இருந்தாரே, அந்த மெக்கானிக் போட்டதும் அந்தக் கையெழுத்தைத்தான்.